யோசியாதேங்கோ எண்டு சொன்னா யோசனை போகுமோ?

வணக்கம் ஆசிரியர் ஐயா,

போன கிழமை உங்கட பத்திரிகையில மனநலம் பற்றி வந்த கட்டுரை வாசிச்சன், காலமை நடவுங்கோ, தியானம் செய்யுங்கோ, நல்லா நித்திரை கொள்ளுங்கோ எண்டு போட்டிருந்தினம், பிழை எண்டு சொல்லேல்ல, ஆனா வன்னியில எங்கட மல்லாவிப் பக்கம் சனத்துக்கு நித்திரை ஏன் வருகுதில்லை எண்டதையும் எழுதவேணும்.

என்ர பெரியம்மாவின்ர மகன் யுத்தம் முடிஞ்ச 2009 வைகாசியோட காணாமல் போனவன். செத்திட்டான் எண்டு தெரிஞ்சா பெரியம்மா அந்தியேட்டி செய்து முப்பத்தொண்டு குடுத்து அழுது தீர்த்திருப்பா. அதுக்கும் வழியில்லை. படத்துக்கு மாலை போட விடமாட்டா. 2017 பெப்ரவரி 20 கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில காணாமல் போன பிள்ளையளின்ர தாய்மார் போராட்டம் தொடங்கினவை எல்லோ, அங்க போய் தன்னைப்போல ஆக்களோட இருந்திட்டு வாற நாளில மட்டும் ரெண்டு பிடி கூடுதலாச் சாப்பிடுவா.

தலையிடி, நெஞ்சு இறுக்கம், கைகால் உளைவு எண்டுதான் வருசக்கணக்கா ஆஸ்பத்திரிக்குப் போனவ, பெனடோலோட திரும்பி வருவா. இஞ்ச எல்லாத்துக்கும் "யோசனை" எண்டுதான் சொல்லுறது, மனசுக்கு வருத்தம் எண்டு வாய் திறந்தா விசர் எண்டிடுவினம் எண்ட பயம். ஒருநாள் புதுசா வந்த டொக்டர் பிள்ளை ஒண்டு "அம்மா, நித்திரை எப்பிடி?" எண்டு கேட்டிருக்கு, அவ்வளவுதான், மனிசி அங்கயே இருந்து அழுதிட்டா. பிறகு மனநல கிளினிக்குக்கு அனுப்பிச்சினம், குளிசையும் குடுத்து ஆறுதலா இருந்து கதைக்கவும் விட்டினம், இப்ப பக்கத்து வீட்டுப் பெண்டுகளோட சேர்ந்து ஓலைப்பெட்டி இழைக்கிறா, எனக்கு அதைப் பாக்கவே சந்தோசம்.

ஆனா செவ்வாய்க்கிழமையள்ல இன்னும் படபடப்புத்தான். மகள் எடுத்த, கிழமைக்குக் கிழமை கட்டுற கடனை அறவிட வாற மோட்டர்சைக்கிள் சத்தம் ஒழுங்கையில கேட்டா காணும், அறைக்குள்ள போயிடுவா. கடன்காரன் முத்தத்தில நிண்டு சத்தம்போட்டா தியானம் என்ன செய்யும், சொல்லுங்கோ? கடனும் மனநலக் கதைதான் எண்டு தயவுசெய்து எழுதுங்கோ.

1926 எண்ட தேசிய மனநல உதவி இலக்கத்தை ஒவ்வொரு கிழமையும் பெரிய எழுத்தில போடுங்கோ, தமிழிலயும் கதைக்கலாம். அதோட வன்னி ஆஸ்பத்திரியளின்ர மனநல கிளினிக் நாளையும் விசாரிச்சுப் போடுங்கோ ஐயா, நாள் மாறிப் போய் பஸ் காசும் செலவழிச்சுத் திரும்பி வந்த சனம் பிறகு அந்தப் பக்கமே போறேல்ல.

இப்படிக்கு,
மல்லாவி வாசகி