அடித்தளத்தில் தண்ணீர் ஏறினால் முதலில் மெயினை அணையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 மே மாத மழையில் பெங்களூரு பட்ட பாட்டைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். மே 17 அன்று சின்னசாமி மைதானத்தில் ஒரு பந்துகூட வீசாமல் ஆட்டம் கைவிடப்பட்டது, மறுநாள் இரவு 100 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது, சாய் லேஅவுட்டில் படகு விட்டது எல்லாம் வந்திருக்கிறது. ஆனால் 19ஆம் தேதி மாலை பிடிஎம் லேஅவுட்டில் நடந்ததற்கு ஒரே வரிதான். அடுக்குமாடி ஒன்றின் அடித்தளத்தில் தேங்கிய மழைநீரை மோட்டார் வைத்து இறைக்கப்போன இடத்தில் மின்சாரம் தாக்கி ஒரு முதியவரும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. பல ஆண்டுகள் இதே ஊரில் மின்பணி செய்தவன் நான்.

அங்கே என்ன கோளாறு என்பதை விசாரணை சொல்லட்டும். நான் சொல்ல வருவது ஊர் முழுக்க இருக்கும் நிலைமையை.

பெங்களூருக்குக் கோடை இடிமழை புதிதல்ல. மே மாதத்தில் பகலெல்லாம் காய்ந்து, நாலு மணிக்கு மேல் மேகம் திரண்டு, ஒரு மணி நேரம் ஆட்டம் போட்டுவிட்டு ஓய்ந்துவிடும். இந்த முறை அது ஓயவே இல்லை. அதற்குள் 24ஆம் தேதியே கேரளத்தில் பருவமழையும் தொடங்கிவிட்டது. இங்கே பெரிய ஆறு கிடையாது. மழைநீர் ராஜகால்வாய் என்ற பெரிய வடிகால் வழியாக ஏரிக்கு ஏரி இறங்க வேண்டும். அந்தக் கால்வாய் ஓரத்திலேயே, அதன் மட்டத்துக்கும் கீழே பள்ளம் தோண்டி கார் நிறுத்துகிறோம். இறைத்துச் சாலையில் விடும் தண்ணீர் அதே சரிவு வழியாகத் திரும்ப உள்ளே வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

மீட்டர் போர்டு, பம்ப் பேனல், இப்போது மின்சாரக் கார் சார்ஜர் என்று எல்லாமே அந்தப் பள்ளத்தில்தான். தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்றால் ஒரு கார் நிறுத்தும் இடம் போய்விடும் என்பார்கள் குடியிருப்போர் சங்கத்துக்காரர்கள். வாடகைக்கு எடுத்த மோட்டாருக்கு இரண்டு ஒயரை முறுக்கி, டேப் சுற்றி, தண்ணீரிலேயே இழுத்துப் போடுவார்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி என்ற சின்னப் பெட்டி இருக்கிறது. மழைக்காலத்தில் அது அடிக்கடி ட்ரிப் ஆகிறது, அதைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடப்பா என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். கசிவு இருப்பதால்தானே ஐயா அது ட்ரிப் ஆகிறது!

இன்னொன்று, பலருக்கும் தோன்றாதது. தெருவில் கரண்ட் போய்விட்டது, இனிப் பயமில்லை என்று தண்ணீரில் இறங்குவார்கள். சில நொடிகளில் ஜெனரேட்டர் தானாக ஓடத் தொடங்கி, அதே பேனலுக்கு மறுபடி மின்சாரம் வந்துவிடும். அப்படி இறங்குகிறவர் பெரும்பாலும் வாட்ச்மேன். "மோட்டாரைப் போடுப்பா" என்று சொல்கிறவர் மூன்றாவது மாடியில் நிற்பார்.

எனவே தண்ணீர் பேனலை நெருங்கும் முன்பே, காய்ந்த இடத்தில் நின்று மெயின் சுவிட்சையும் ஜெனரேட்டரையும் அணைக்க வேண்டும். மெயினே தண்ணீருக்குள் போய்விட்டதா? சரி, யாரும் இறங்க வேண்டாம். மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912 எண்ணுக்குச் சொல்லி, வெளியிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கச் செய்யுங்கள். அப்புறம் டீசல் பம்பை மேலே தரையில் வைத்து, குழாயை மட்டும் உள்ளே விட்டு இறைக்கலாம். நேரமாகும், கார் நனையும். நனையட்டும்.

வானிலைச் செய்தி போடும் பக்கத்திலேயே, மழை அறிவிப்பு வரும் நாள்களில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட முடியுமா? வாட்ச்மேன்களில் பலருக்குத் தமிழ் தெரியாது என்பதும் தெரியும். தமிழ் படிக்கும் சங்கச் செயலாளர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள்; முதலில் அவர்கள் கண்ணில் படட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்பணியாளர்,
அல்சூர், பெங்களூரு