பரிசு கொடுத்தும் மீட்கலாம்

ஐயா,

மெத்தாம்பெட்டமைன் போதைப்பொருளுக்குப் பழகியவரை உள்ளே பூட்டிவைத்தால்தான் திருந்துவார் என்று எங்கள் குமரி மாவட்டத்தில் பலரும் சொல்கிறார்கள். ஆனால் வெளிநோயாளி சிகிச்சையில் இன்று வலுவான சான்று இருப்பது, சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் இல்லையென்றால் கையோடு சிறு பரிசு தரும் முறைக்குத்தான். (லஞ்சமா என்று முகம் சுளிப்பவர்கள் முடிவுகளைப் பார்க்கட்டும்.) அமெரிக்காவின் 16 வார ‘மேட்ரிக்ஸ்’ திட்டத்தில் குழு ஆலோசனை, குடும்ப வகுப்பு, சோதனை எல்லாம் உண்டு, ஆனால் வாரத்தில் பல நாள் வர வேண்டும். விடியற்காலை குளச்சலில் மீனை இறக்கிவிட்டு, பஸ் பிடித்து நாகர்கோவில் மருத்துவமனையில் சீட்டுக்கு வரிசையில் நிற்பவருக்கு அது முடியுமா? மருந்தும் பெரிதாகக் கைகொடுக்கவில்லை: நால்ட்ரெக்சோன் ஊசியுடன் புப்ரோபியன் தந்த 2021 ஆய்வில் பலன் கண்டவர்கள் 13.6 சதவீதம்தான்; போலி மருந்து பெற்றவர்களில் 2.5 சதவீதம். குளச்சல், தக்கலை அரசு மருத்துவமனைகளில் பரிசு முறையுடன் மாலை நேரப் பிரிவு தொடங்க வேண்டும்.

- ஒரு வாசகர், தக்கலை