இடிப்பதற்கு முன் மாடியில் ஏறிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மதுரை மாசி வீதிகளிலும் வெளி வீதிகளிலும் உள்ள பழைய கடைக் கட்டடங்களை அடுத்த மழைக்குள் இடித்துவிட வேண்டும் என்று சென்ற வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய பயம் நியாயமானது. 2021 டிசம்பரில் கீழ வெளி வீதியில் பழைய கட்டடம் இடிந்து, இரவுப் பணியில் இருந்த தலைமைக் காவலர் இறந்தார். அதற்கு முந்தைய ஆண்டு தீபாவளி இரவில் நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப் போன இரண்டு தீயணைப்பு வீரர்கள் இடிபாட்டில் சிக்கி மாண்டார்கள். ஆனால் பழையது என்ற ஒரே காரணத்துக்காக எல்லாக் கட்டடத்தையும் ஒரே கணக்கில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கட்டட வேலையிலேயே காலம் கழித்தவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில், 1840-களில், கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்த பிறகுதான் வெளி வீதிகளும் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் உண்டாயின. விளக்குத்தூண் அவர் நினைவாக நட்டது. 1875-ல் ரயில் வந்தது, 1892-ல் ஹார்வி மில் என்ற நூற்பாலை வந்தது. வியாபாரம் பெருகப் பெருகக் கடைக்காரர்கள் மாடி எடுத்துக் கட்டினார்கள். கீழே ஒவ்வொன்றாகக் கழற்றி எடுக்கும் பலகைக் கதவு, மேலே வளைவு ஜன்னல், வார்ப்பிரும்புத் தாங்கியில் நிற்கும் பால்கனி, கைப்பிடிச் சுவரில் சுதையில் பூவேலையும் கட்டிய வருடமும். பிளெக்ஸ் போர்டுக்குப் பின்னால் இவை இன்னும் இருக்கின்றன. அண்ணாந்து பார்ப்பவர்கள்தான் குறைந்துவிட்டார்கள்.

இந்த மாடிகளில் பல, கட்டைக்குத்து மாடிகள். மெட்ராஸ் டெரஸ் என்பதும் இதைத்தான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக, குறுக்குச் சாய்வில், சுண்ணாம்பு வைத்து அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். கடைசியாகத் தட்டையான ஓடு பதிப்பார்கள். இரும்புக் கம்பி கிடையாது, அதனால் துருப்பிடித்து வெடிக்கும் பேச்சே இல்லை. தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்டால் நூறு வருடம் தாங்கும். மதுரை வெயிலுக்கு இதன் அடியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி தெரியும்.

பிறகு ஏன் விழுகிறது? நான் பார்த்தவரை, பெரும்பாலும் நாம் செய்த வேலையால். ஒழுகுகிறது என்று மேலே நாலு அங்குலம் கான்கிரீட் போடுகிறார்கள். அந்தப் பாரம் முழுவதும் தேக்குக் கட்டையின் தலையில் இறங்குகிறது. சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசுகிறார்கள். உள்ளே ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லை அரிக்கிறது. கடையை அகலமாக்க நடுச்சுவரை எடுக்கிறார்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி, செல்போன் கோபுரம். போதாததற்கு, மழைத்தண்ணீர் வெளியேறும் தூம்பு அடைத்துக் கிடக்கும், விரிசலில் அரசங்கன்று வேர்விடும். கட்டை சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் உளுக்கும். சுத்தியலால் தட்டினாலே சத்தத்தில் ஓரளவு தெரிந்துவிடும். உளுத்த கட்டையை மட்டும் மாற்றலாம். தெருவிலிருந்து போட்டோ எடுத்து நோட்டீஸ் ஒட்டினால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

சென்னை அண்ணா சாலையில் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1897-ல் டபிள்யூ. இ. ஸ்மித் என்ற மருந்து வியாபாரிக்காகக் கட்டியது, அப்போது கார்டைல் பில்டிங் என்று பெயர். வடிவமைத்தவர் ஜே. எச். ஸ்டீபன்ஸ். கோபுரமும் வளைவுகளுமாக, ஒரு மருந்துக்கடைக்கு இவ்வளவு அழகா என்று கேட்க வைக்கும் சிவப்புக் கட்டடம். 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் கைக்கும், 1956-ல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்துக்கும் போனது. 2006-ல் இடிக்கத் தொடங்கியபோது பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கப் பாடுபடும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010-ல் உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. நீதிபதி பத்மநாபன் குழு தயாரித்த பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் அதன் பெயர் இருந்தது வழக்குக்குப் பெரிய பலம். நம் ஊர்க் கடைக் கட்டடங்களுக்கு அப்படி ஒரு பட்டியல் வேண்டும். கோயிலையும் மகாலையும் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. மாசி வீதி மாடிகளுக்கு யார் இருக்கிறார்கள்?

பயன்பாட்டில் வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்கு மேல மாசி வீதியிலேயே சாட்சி இருக்கிறது. 1921 செப்டம்பர் 22 அன்று காந்தி அரையாடைக்கு மாறிய வீட்டில் இன்று கதர்க்கடை நடக்கிறது.

மாநகராட்சி செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. ஆய்வுக்குப் போகும் பொறியாளருடன் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு கொத்தனாரும் மாடி ஏற வேண்டும். இடிக்க வேண்டியவை, பழுது பார்க்க வேண்டியவை என்று நோட்டீஸ் இரண்டு வகையாக இருக்க வேண்டும். ஆபத்தானதை உடனே இறக்குங்கள், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. முறையாகப் பழுது பார்க்கும் உரிமையாளருக்குச் சில வருடம் சொத்து வரியில் சலுகை கொடுங்கள். வாடகை வருமானம் மட்டும் உள்ளவருக்குத் தேக்கு விலை தாங்காது. அப்புறம், தியாகராசர் பொறியியல் கல்லூரியில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு ஒவ்வொரு கடையையும் அளந்து வரைபடம் எடுக்கலாம். தெற்கு மாசி வீதியிலிருந்து இதைத் தொடங்கும்படி மாநகராட்சி ஆணையரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தெற்கு ஆவணி மூல வீதி, மதுரை.