ஷோர்ட்னிங்கும் மாஜரினும் ஒன்றல்ல

ஆசிரியருக்கு,

சென்ற ஞாயிறு சமையல் பக்கத்தில் வந்த பற்றீஸ் செய்முறையில், மாஜரின் இல்லாவிட்டால் அதே அளவு ஷோர்ட்னிங் (தாவர எண்ணெயைக் கட்டியாக்கிச் செய்யும் பேக்கிங் கொழுப்பு) போடலாம், தாவரக் கொழுப்பு என்பதால் உடம்புக்கும் நல்லது என்று இருந்தது. முதல் பாதியில் அளவைத் திருத்தினால் போதும். இரண்டாம் பாதி முழுப் பிழை.

பேக்கிங் மாஜரினில் கொழுப்பு 80 வீதமளவு. மீதியில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் உப்பு. (பாணுக்குப் பூசுகிற ஸ்பிரெட் வேறு, அதில் தண்ணீர் இன்னும் கூட.) ஷோர்ட்னிங்கோ முழுக்கக் கொழுப்பு. ஆகவே 100 கிராம் மாஜரினுக்கு 80 கிராம் ஷோர்ட்னிங், ஒரு மேசைக்கரண்டி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அப்படியே 100 கிராமையும் கொட்டிப் பிசைந்தால் மா பிடிப்பில்லாமல் உதிரும். தாச்சியில் போட்டதும் விளிம்பு விட்டு, உள்ளே வைத்த மீன் கறி எண்ணெயில் மிதக்கும்.

ஷோர்ட்னிங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பட்டர் 32 முதல் 35 பாகைக்குள் உருகிவிடும். கொழும்பு வெக்கையில் பட்டர் ஐசிங் பூசிய கேக், மண்டபம் போய்ச் சேருமுன்பே வழியத் தொடங்கும். பாதி பட்டர், பாதி ஷோர்ட்னிங் என்று அடித்தால் ரோசாப்பூ இதழ் நிற்கும். முழுக்க ஷோர்ட்னிங் என்றால் அண்ணத்தில் மெழுகாக ஒட்டும், ருசியும் இராது.

இனி உடம்புக் கதை. ஒரு மேசைக்கரண்டி ஷோர்ட்னிங்கில் சுமார் 110 கலோரி, பட்டரில் 100. தாவர எண்ணெயில் செய்தது, கொலஸ்ட்ரோல் இல்லை, சரி. ஆனால் எண்ணெயைக் கட்டியாக்க அரைகுறையாக ஐதரசன் ஏற்றும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. அது இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டி, நல்லதைக் குறைக்கும். உலக சுகாதார நிறுவனம் 2018 முதல் இதை உணவிலிருந்து அகற்றச் சொல்கிறது. 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்பது அதன் கணக்கு. டிரான்ஸ் இல்லாத ஷோர்ட்னிங் பலவும் பாம் எண்ணெயில் செய்தவை. பாம் எண்ணெயில் பாதியளவு நிரம்பிய கொழுப்பு, அதுவும் அளவோடுதான்.

பொதியில் 'பகுதியளவு ஐதரசனேற்றிய' என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள் என்று அந்தச் செய்முறையோடு ஒரு வரி சேர்த்திருக்கலாம். வீட்டில் செய்பவர்களுக்கு வாசிக்க ஒரு பொதியாவது உண்டு. பேக்கரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் ரோல்ஸுக்கு அதுவும் இல்லை. என்ன கொழுப்பு என்று கேட்டால் "மரக்கறிக் கொழுப்புத்தான் அக்கா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

நத்தார் கேக் வேலை தொடங்குமுன் திருத்தத்தை வெளியிட்டால் நல்லது.

ஒரு வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 06