அப்போலோவும் அவன் அக்காவும்

அன்புள்ள கணேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் போடச் சொல்.

நிலாவுக்குப் போன அப்போலோவா யாகூவை வாங்கியது என்று கேட்டிருந்தாய். படித்ததும் சிரித்துவிட்டேன். பெயர்தான் ஒன்று, ஆள் வேறு. 2021இல் சுமார் 500 கோடி டாலர் பேரத்தில் வெரைசான் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனத்திடமிருந்து யாகூவை வாங்கியது நியூயார்க்கில் இருக்கும் முதலீட்டு நிறுவனம். 1990இல் ட்ரெக்சல் என்ற வால் ஸ்ட்ரீட் கம்பெனி திவாலானபோது, அங்கிருந்து வெளியே வந்த லியோன் பிளாக், மார்க் ரோவன், ஜோஷ் ஹாரிஸ் மூவரும் தொடங்கியது.

நாசாவின் அப்போலோ முப்பது வருஷம் மூத்தது. 1960இல் ஏப் சில்வர்ஸ்டைன் என்ற அதிகாரி வைத்த பெயர் அது. தேரோட்டிக்கொண்டு வானத்தைக் கடக்கும் கிரேக்கச் சூரியக் கடவுள், திட்டத்தின் பிரமாண்டத்துக்குப் பொருத்தம் என்று நினைத்தாராம். சரி, நிலாவுக்குப் போகிற கப்பலுக்குச் சூரியன் பெயரா? எனக்கு அது இன்றும் உறுத்தல்தான். நிலாவுக்கு உரியவள் அவனோடு இரட்டையாய்ப் பிறந்த ஆர்ட்டெமிஸ். முதலில் பிறந்தவள் அவள் என்கிறது கதை, ஆக அக்கா. 2019இல்தான் நாசா புதிய நிலாத் திட்டத்துக்கு அவள் பெயரை வைத்தது.

இனிதான் வேடிக்கை. 1991இல் கலிஃபோர்னியாவில் எக்சிக்யூட்டிவ் லைஃப் என்ற ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நொடித்துப்போனது. அதன் கையிலிருந்த 'ஜங்க்' பத்திரங்களை, அதாவது பணம் திரும்புமா என்று சந்தேகமான, வட்டி அதிகமான கடன் பத்திரங்களை, மொத்தமாக வாங்கியது ஒரு பிரெஞ்சு வங்கியின் துணை நிறுவனம், 300 கோடி டாலருக்கு மேல் கொடுத்து. கூட நின்று யோசனை சொன்னது பிளாக்கின் அப்போலோ. அப்புறம் அதில் பெரும் பங்கு பிரான்சுவா பினோ என்ற பணக்காரரின் நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த நிறுவனத்தின் பெயர் என்ன தெரியுமா? ஆர்ட்டெமிஸ்! நாசா சேர்த்துவைப்பதற்கு முன்பே அக்காவும் தம்பியும் கடன் பத்திரச் சந்தையில் சந்தித்துவிட்டார்கள். போதாததற்கு, 2022இல் அப்போலோவோடு இணைந்த காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் அத்தீனி. அத்தீனியும் கிரேக்கக் கடவுள்தான், இவர்கள் இருவருக்கும் அப்பாவான சீயஸின் மகள்.

என் மனைவியிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்போலோ என்றால் கிரீம்ஸ் ரோடு ஆஸ்பத்திரிதானே" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

1969இல் நம் தபால் துறை வெளியிட்ட 'நிலவில் மனிதன்' தபால்தலை உன் ஆல்பத்தில்தானே இருக்கிறது? பொங்கலுக்கு வரும்போது மறக்காமல் எடுத்து வா.

அன்புடன்,
ரகு