தயக்கம் ஏன் என்று கேட்டவருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற திங்களன்று உங்கள் வணிகப் பக்கத்தில் ஆல்கோ டிரேடிங், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராமே பங்குச் சந்தையில் வாங்கி விற்பது பற்றி வந்த கட்டுரையைக் காப்பி குடித்துக்கொண்டே படித்தேன். கடைசிப் பத்திக்கு வரும் வரை நல்ல கட்டுரைதான். அங்கே உங்கள் கட்டுரையாளர், நேர்மையாக வியாபாரம் செய்கிறவருக்குத் தன் புரோகிராமைப் புரோக்கரிடம் காட்டுவதில் என்ன தயக்கம் என்று போகிறபோக்கில் ஒரு வரி கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். என் காப்பி ஆறிப்போனது. புரோகிராமைத் தயக்கமே இல்லாமல் காட்டியவன் நான். அதனால் பதில் சொல்லும் தகுதி எனக்கு உண்டு என்று நினைக்கிறேன்.

பாலிடெக்னிக்கில் 31 வருடம் எலெக்ட்ரானிக்ஸ் நடத்தி ஓய்வுபெற்றவன். 58 வயதில் பைத்தான் கற்றுக்கொண்டேன். மூன்று வருடம் நிஃப்டியின் பழைய விலைகளை வைத்துக்கொண்டு மாரடித்ததில் 412 வரியில் ஒரு புரோகிராம் தேறியது. காலை 9.20-க்கு ஒரு ‘கால்’ ஆப்ஷனும் (நிஃப்டி ஏறும் என்று நினைப்பவர் வாங்குவது) ஒரு ‘புட்’ ஆப்ஷனும் (இறங்கும் என்று நினைப்பவர் வாங்குவது) விற்கும். விற்றது 27 சதவீதம் ஏறினால் ஸ்டாப் லாஸ், அதாவது நஷ்டத்தை அதோடு நிறுத்திக்கொள்ளும். அது அடிபடாவிட்டால் 11.09-க்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு வெளியே வந்துவிடும். மாதத்துக்கு ஏழெட்டாயிரம் நிற்கும், சில மாதம் அதுவும் நிற்காது. கோடீஸ்வரன் ஒருவன் புலம்புகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். எஃப் அண்ட் ஓ என்கிற ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் மூன்று வருடத்தில் பணத்தைத் தொலைத்தார்கள் என்று 2024-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி வெளியிட்ட ஆய்வை நீங்களே முதல் பக்கத்தில் போட்டீர்கள். மீதி ஏழு பேரில் ஓரமாக ஒட்டிக்கொண்டிருப்பவன் நான்.

சென்ற செப்டம்பர் கடைசியில் என் புரோக்கரின் கிளையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். “செபி ரூல் மாறிருச்சுங்க சார். அக்டோபர்ல இருந்து ஆல்கோ எல்லாமே ரெஜிஸ்டர் பண்ணோணும். உங்க புரோகிராமை அப்படியே ஜிப் பண்ணி மெயில்ல போட்டு உட்ருங்க.” அனுப்பிவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு கேட்டேன். “மெயில் வந்துருச்சுல்லங்க சார், அதேதான் அக்னாலெட்ஜ்மென்ட்” என்றார். எத்தனையோ மாணவர்களுக்கு ரெக்கார்டு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கச் சொல்லிக்கொடுத்தவன், என் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

நவம்பரில் என் வாட்ஸ்அப்புக்கே ஒரு விளம்பரம் வந்தது. அதே கிளை, மாதம் 1,499 ரூபாய்க்குப் புதிய ஆல்கோ பேக்கேஜ். கீழே ஐந்து நாள் டிரேடுகளின் பட்டியல். உள்ளே நுழைவது 9.20. அதில் நான் சண்டை போடவில்லை. 9.20-க்கு ஸ்ட்ராடில் விற்பது, அதாவது காலையும் புட்டையும் ஜோடியாக விற்பது, ஊரறிந்த வித்தை. ஸ்டாப் லாஸ் 27 சதவீதம். சரி, அதையும் இன்னொருவர் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாப் லாஸ் அடிபடாத மூன்று நாளும் வெளியே வந்த நேரம் 11.09.

ஆசிரியர் அவர்களே, அந்த 11.09-க்குச் சந்தையில் ஒரு காரணமும் கிடையாது. பதினொன்றுக்கும் பதினொன்றரைக்கும் நடுவில் எப்போது வெளியே வந்தாலும் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். ஏதாவது ஒரு நேரம் கொடுக்க வேண்டுமே என்று என் கல்யாண தேதியைப் போட்டேன். செப்டம்பர் 11. எனக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது இந்தப் புரோக்கருக்கு எப்படித் தெரியும்? விஷயத்தை மனைவியிடம் சொன்னபோது, “ஏனுங்க, ஒரு வருசமாச்சும் எனக்கு ஞாபகம் வெச்சிருக்கறீங்களா? கம்ப்யூட்டருக்கு மட்டும் சொல்லிக் குடுத்தீங்களாக்கும்” என்றார். அந்த வழக்கு தனி.

கிளைக்கு ஒரு வாடிக்கையாளர் போலவே போன் செய்து, இந்தப் பேக்கேஜ் எந்தச் சூத்திரத்தில் ஓடுகிறது என்று கேட்டேன். அது எங்கள் தொழில் ரகசியம், வெளியே சொல்ல முடியாது என்றார்கள். உங்கள் கட்டுரையாளரை அந்தப் பக்கம் அனுப்பி, அவர்களுக்கு என்ன தயக்கம் என்று கேட்கச் சொல்லுங்களேன். இப்படிச் சூத்திரத்தை மறைத்து விற்கும் ஆல்கோவுக்கு ‘பிளாக் பாக்ஸ்’ என்று பெயர். அதை விற்பவர் ரிசர்ச் அனலிஸ்ட்டாகப் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு ஆல்கோவுக்கும் ஆய்வறிக்கை வைத்திருக்க வேண்டும் என்று, அந்தத் தம்பி போனில் சொன்ன ரூலைக் கொண்டுவந்த 2025 பிப்ரவரி 4 தேதியிட்ட அதே செபி சுற்றறிக்கைதான் சொல்கிறது. அந்த அறிக்கையில் என் முகூர்த்த நேரத்தைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று படிக்க ஆசையாக இருக்கிறது.

அந்தச் சுற்றறிக்கையையும் எக்ஸ்சேஞ்ச் விதிகளையும் பிற்பாடு ஆங்கிலத்தில் உட்கார்ந்து படித்தேன். அப்போதுதான் வயிறு எரிந்தது. சொந்தமாக எழுதிய புரோகிராமைத் தனக்கும் தன் குடும்பத்துக்கும் மட்டும் பயன்படுத்துகிறவர், நொடிக்கு 10 ஆர்டர் என்ற வரம்பைத் தாண்டாதவரை எக்ஸ்சேஞ்சில் பதிவு செய்யவே வேண்டியதில்லை. ஸ்டேட்டிக் ஐபி (மாறாத இணைய முகவரி) வேண்டும், தனி ஏபிஐ கீ (புரோக்கரின் கம்ப்யூட்டரோடு புரோகிராம் பேசுவதற்கான சாவி) வேண்டும், இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். அவ்வளவுதான். என் புரோகிராம் நாள் முழுக்கவே ஆறு ஆர்டர்தான் போடும். 2025 ஆகஸ்ட் 1, அக்டோபர் 1, 2026 ஏப்ரல் 1 என்று இந்த விதிகளுக்கான கெடு தள்ளிப்போன ஒவ்வொரு முறையும் செய்தி போட்ட நீங்கள், இந்த ஒரு விஷயத்தைத் தமிழில் போட்டிருந்தால் நான் அந்த மெயிலை அனுப்பியிருக்க மாட்டேன்.

நான் எப்போது வாங்கினேன், எப்போது விற்றேன் என்பது புரோக்கருக்குத் தெரியும், தெரிந்தாக வேண்டும். மளிகைக் கடைக்காரருக்கும் நான் எத்தனை மிளகு வாங்கினேன் என்று தெரியும். வீட்டுக்குள் வந்து குழம்பு எப்படி வைக்கிறீர்கள் என்று அவர் கேட்பதில்லையே?

செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் கொடுத்தேன். இது போன்ற உத்திகள் சந்தையில் சாதாரணம், ஒற்றுமை தற்செயலானது என்று புரோக்கர் பதில் எழுதினார். காவல் நிலையத்தில், “ஷேர் மார்க்கெட்டுல என்ன பொருளுங்க காணாமப் போச்சு?” என்று கேட்டார்கள். ஒன்றும் காணாமல் போகவில்லை, என்னிடமும் இருக்கிறது, அவர்களிடமும் இருக்கிறது என்று நான் சொன்னது எனக்கே சரியாகப் படவில்லை. வக்கீல் இன்னும் தெளிவாக இருந்தார். காப்புரிமைச் சட்டம் பிரிவு 3(கே) அல்காரிதத்தைக் கண்டுபிடிப்பாகவே ஏற்காது. பதிப்புரிமை, எழுதிய வரிகளுக்குத்தான். உள்ளே இருக்கும் யோசனைக்கு இல்லை. தொழில் ரகசியத்துக்கென்று தனிச் சட்டம் வேண்டுமென்று 22-ஆவது சட்ட ஆணையம் 2024 மார்ச்சில் மசோதா வரைவோடு அறிக்கையே கொடுத்தது. அந்த வரைவு வரைவாகவே இருக்கிறது.

சூத்திரம் திருட்டுப் போனால் எங்கே போக வேண்டும் என்று பெரிய இடத்துக்குத் தெரிந்திருக்கிறது. இந்திய ஆப்ஷன் சந்தையில் தாங்கள் வைத்திருந்த உத்தியைப் பழைய ஊழியர்கள் எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஜேன் ஸ்ட்ரீட் என்ற அமெரிக்க டிரேடிங் நிறுவனம் 2024 ஏப்ரலில் நியூயார்க் கோர்ட்டுக்குப் போனது. டிசம்பரில் சமரசம் ஆனது. அடுத்த ஜூலையில் அதே நிறுவனத்தின் 4,843 கோடி ரூபாயை முடக்கச் சொல்லி செபி உத்தரவு போட்டதும், அவர்கள் குற்றச்சாட்டை மறுத்ததும் உங்களுக்குத் தெரியாததல்ல. கோபிசெட்டிபாளையத்துக்காரன் எந்த ஊர்க் கோர்ட்டுக்குப் போவது?

இதெல்லாம் எனக்குப் புதிதும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர் சப் புரோக்கர் பென்சிலில் எழுதிக் கொடுத்த சீட்டுகளை இன்னும் வைத்திருக்கிறேன். வாங்கினால் அன்றைய உச்ச விலை, விற்றால் அன்றைய அடிமட்ட விலை; நடுவில் இருந்தது யார் வீட்டுக்குப் போனது என்று கேட்டால், “நம்பிக்கைதானே சார் வியாபாரம்” என்பார். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இனி ஏமாற்ற முடியாது என்று வகுப்பிலேயே பெருமையாகச் சொன்னேன். பவர் ஆஃப் அட்டர்னி என்று நாற்பது இடத்தில் கையெழுத்து வாங்கிய இன்னொரு புரோக்கர், நான் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்த இரண்டு வாரத்தில் என் கணக்கில் தினமும் வாங்கி விற்றுத் தரகு பார்த்தார். 2019-இல் கார்வி என்ற புரோக்கர் நிறுவனத்தின் விவகாரம் வெடித்து, வாடிக்கையாளர்களின் பங்குகளை அடகு வைத்த கதை வெளியே வந்தபோது ஊரே அதிர்ந்தது. நான் அதிரவில்லை. அப்போதே உங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வந்தது, பாதியாக. பவர் ஆஃப் அட்டர்னி பற்றிய பத்தியை வெட்டிவிட்டு, “முதலீட்டாளர்கள் விழிப்போடு இருக்க வேண்டும்” என்று நான் எழுதாத ஒரு வரியைச் சேர்த்திருந்தீர்கள். இடப்பற்றாக்குறை என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். பக்கத்திலேயே ஒரு புரோக்கரின் கால் பக்க விளம்பரம் இருந்தது. அதற்கு இடம் இருந்திருக்கிறது, சந்தோஷம்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சொந்தமாக எழுதி, நொடிக்குப் பத்து ஆர்டருக்குள் பயன்படுத்துகிறவர் பதிவுக்கென்று புரோகிராமை யாரிடமும் ஒப்படைக்கத் தேவையில்லை என்று அதே வணிகப் பக்கத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு வரி போதும். கல்லூரிப் பையன்கள் நிறையப் பேர் இப்போது இதை எழுதுகிறார்கள். என் பழைய மாணவர்களே நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

கட்டுரையாளருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். வெளியே வரும் நேரத்தை மாற்றிவிட்டேன். புதிய நேரம் மனைவிக்குக்கூடத் தெரியாது.

கடிதத்தை வெளியிட்டால் பெயர் வேண்டாம். கணக்கை வேறு இடத்துக்கு மாற்றக் கொடுத்த படிவம் இன்னும் அந்தக் கிளையின் மேசையில்தான் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் சரியாகப் போடுங்கள். போன முறை கவுந்தப்பாடி என்று போட்டுவிட்டீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
கோபிசெட்டிபாளையம்.