ஏரிப் பூங்காவில் தூண்டிலுக்கும் துடுப்புக்கும் ஓர் ஓரம் விடுங்கள்

சென்னையின் ஏரிகளைப் பூங்காவாக மாற்றும் பொறுப்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

குப்பை கொட்டிக் கிடந்த கரைகள் பலவற்றில் இன்று குடும்பத்தோடு போய் உட்கார முடிகிறது. அதற்கு மனதார நன்றி. இப்போது கேட்பது ஒன்றுதான்: தூண்டில் போடுகிறவர்களுக்கும், சத்தமில்லாமல் துடுப்பு போடுகிறவர்களுக்கும் ஒவ்வொரு ஏரியிலும் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள்.

முடியாத காரியம் இல்லை. சேத்துப்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மீன்வளத் துறையின் பூங்கா 2016-இல் திறக்கப்பட்டது. அங்கே தூண்டில் போட இடமும் உண்டு, படகும் உண்டு. நெடுஞ்சாலையும் மின்சார ரயிலும் அவ்வளவு அருகில் இருந்தும், தக்கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் மனசு அடங்கிவிடுகிறது. ஆனால் தாம்பரத்திலும் அம்பத்தூரிலும் இருப்பவர்கள், வீட்டுப் பக்கத்திலேயே ஏரியை வைத்துக்கொண்டு இதற்காகச் சேத்துப்பட்டு வரை ஏன் வர வேண்டும்?

எங்கள் பகுதி ஏரியில் சீரமைப்பு முடிந்த பிறகு, மூங்கில் கழியும் தங்கூசி எனும் நைலான் தூண்டில் நூலும் மைதா உருண்டையுமாக ஜிலேபி மீன் பிடிக்க வரும் பையன்களைக் காவலாளி விசில் அடித்து விரட்டுகிறார். காலையிலேயே ஒலிபெருக்கியில் பாட்டு வேறு. பார்க்கும்போது வயிறு எரிகிறது. தண்ணீர்ப் பக்கமே வராத பிள்ளைக்கு அந்த ஏரிமேல் எப்படி அக்கறை வரும்?

தூண்டில்காரர்கள் ஏரிக்குக் காவலும்கூட. இரவில் நீர்த்தாவரங்களும் பாசியும் ஆக்சிஜனை உண்டாக்குவதில்லை. மீன்களோடு சேர்ந்து அவையும் அதைச் சுவாசிக்கின்றன. அதனால் விடியும் நேரத்தில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். சாக்கடையும் கலந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்து தவிக்கும். கொத்துக் கொத்தாகச் செத்து மிதப்பதற்கு முன்னால் கிடைக்கும் எச்சரிக்கை அது. அந்த நேரத்தில் கரையில் உட்கார்ந்திருப்பவர் தூண்டில்காரர்தான். அவர் சொன்னால் கேட்டுக்கொள்ள ஒரு தொலைபேசி எண்ணைக் கரையில் எழுதி வையுங்கள், போதும்.

அப்புறம் கரை. சுற்றிலும் செங்குத்தாகச் சுவர் எழுப்பினால் பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் மீனுக்கு வீடு போய்விடும். ஜிலேபி ஆழமில்லாத தரையில் குழி பறித்துத்தான் முட்டையிடும். விரால் செடிகொடி மண்டிய ஓரத்தில் முட்டையிட்டு, குஞ்சுகளோடு கூடவே நீந்திக் காவல் காக்கும். கோரையும் சம்பும் வளரும் மண் கரை ஒரு பக்கமாவது அப்படியே இருக்கட்டும். மோட்டார் படகு வேண்டாம். அதன் அலை மண் கரையை அரிக்கும், மடையான், நீர்க்காகம் போன்ற பறவைகளையும் கலைத்துவிடும். மிதிபடகும் துடுப்புப் படகும் போதும், உயிர்காப்பு உடுப்பு மட்டும் கட்டாயம் என்று வையுங்கள்.

எங்களுக்கும் கட்டுப்பாடு போடுங்கள். தூண்டில் மட்டும், வலை கூடாது. குஞ்சோடு திரியும் விராலைத் தொடக் கூடாது. அறுந்த தங்கூசியைப் போடத் தனித் தொட்டி வையுங்கள்; அது காலில் சுற்றிக்கொண்டால் பறவை செத்துப்போகும். கட்டணம் வாங்கினாலும் சரி, பள்ளிப் பிள்ளைகளால் கொடுக்க முடிகிற அளவில் இருக்கட்டும். வாயிலை விடியற்காலையிலேயே திறந்துவிடுங்கள்.

அடுத்த ஏரிக்கு வரைபடம் போடும் முன், ஒரு நாள் காலையில் எங்களைக் கூப்பிடுங்கள். எந்த ஓரத்தில் குஞ்சுகள் நிற்கின்றன, எந்த மதகுப் பக்கம் சாக்கடை இறங்குகிறது என்று கரையில் கூடவே நடந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
ஏரிக்கரையில் தூண்டில் போடும் சென்னைவாசி ஒருவர்